விமானியை உருவாக்கும் கல்வி

சிறகு முளைத்த பறவைக் குஞ்சு தானே பறக்கின்றது. மனிதனுக்கோ பறத்தல் இயல்பன்று. நிலத்தில் நடப்பதற்கென அமைந்த உடலும், அடிவானத்தைக் கண்டு நிலை உணரும் கண்ணும் ஆகாயத்தில் அவனுக்கு முழுத்துணையாக நிற்பதில்லை; சில வேளைகளில் அவனை ஏமாற்றவுஞ் செய்கின்றன. ஆகவே, ஆகாய விமானம் தோன்றிய நாள் முதலாகவே, அதனைச் செலுத்துவோனுக்கு எதனைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்னும் வினாவும் உடன் தோன்றிற்று. நூறாண்டுகளுக்கு மேலாக அவ்வினாவிற்குக் கிடைத்து வந்த விடைகளின் தொகுதியே இன்று விமானிகள் பெறும் பயிற்சியாகும். அவ்விடைகளிற் பல உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டவை. அவ்வாறு பெற்ற பாடமொன்று நாளடைவில் மறக்கப்பட்டு, மீண்டும் அதே விலை கொடுத்துக் கற்கப்பட்டதும் இவ்வரலாற்றில் உண்டு.

முதல் விமானிகளுக்கு ஆசிரியர் எவருமிலர். ஓர்வில் ரைட், வில்பர் ரைட் என்னும் சகோதரர் இருவரும் 1900 ஆம் ஆண்டு முதல் 1902 ஆம் ஆண்டு வரை, அமெரிக்காவின் கிற்றி ஹோக் மணற்குன்றுகளில் இயந்திரமில்லாத மிதவை விமானங்களை ஏறிச் செலுத்தித் தாமே தமக்குக் கற்பித்துக் கொண்டனர். 1902 இல் மட்டும் அவர்கள் பல நூறு தடவை காற்றில் மிதந்து இறங்கினர். 1903 டிசெம்பர் 17 ஆந் திகதி ஓர்வில் இயந்திர விமானத்தில் 12 விநாடி பறந்து 120 அடி தூரஞ் சென்றாரெனின், அந்தப் 12 விநாடிக்குப் பின்னால் மூன்றாண்டுப் பயிற்சி இருந்தது. பிறரோ விமானத்தை முதலில் வாங்கிப் பின்னரே அதனைச் செலுத்தக் கற்க முற்பட்டனர். முதல் உலகப் போர்க்காலத்துப் பிரெஞ்சுப் பாடசாலைகளில் சிறகு குறுக்கப்பட்ட விமானங்கள் சில இருந்தன. அவற்றாற் பறக்க இயலாது. புல்வெளியில் விரைந்து ஓடுதலே இயலும். ‘பென்குயின்’ என அழைக்கப்பட்ட அவற்றில் மாணவன் தனியே அமர்ந்து, நேர்கோட்டில் ஓட்டப் பழகியபின், படிப்படியாகப் பெரிய விமானங்களுக்கு மாறினான். ஆசிரியர் நிலத்தில் நின்றார். ஆகாயத்தில் மாணவன் பிழை செய்யின் அதனைத் திருத்துவார் அருகில் இல்லை.

அக்காலத்து விமானிகளை மிகவும் அஞ்சச் செய்தது சுழல்வீழ்ச்சியாகும். விமானத்தைத் தாங்குவது அதன் சிறகுகளின் மீது சீராகப் பாயும் காற்று. மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தினால் அக்காற்றோட்டம் சிறகின் மேற்புறத்தை விட்டுப் பிரிகின்றது; தாங்குவிசை திடீரெனக் குறைகின்றது. அவ்வேளையில் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடின், ஒரு சிறகு மற்றதினும் ஆழமாகத் தன் ஆற்றலை இழக்க, விமானம் பம்பரம்போற் சுழன்று வீழத் தொடங்குகின்றது. வீழும் விமானத்தின் மூக்கு நிலத்தை நோக்கி இருத்தலால், அதனை மேலே தூக்கும் பொருட்டுச் செலுத்துகோலைத் தன்பால் இழுக்குமாறு விமானியை அவன் இயல்பு தூண்டும். அவ்வாறு இழுத்தலே சுழற்சியை நிலைநிறுத்தி அவனைக் கொல்லும்.

1912 ஆகஸ்ட் 25 ஆந் திகதி, இங்கிலாந்தில் வில்பிரட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி இத்தகைய சுழற்சியில் அகப்பட்டார். வழக்கமான முயற்சிகள் யாவும் பயனற்றுப்போக, நிலத்தை அணுகும் இறுதிக் கணத்திற் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்புறமாகத் தள்ளினார், விமானம் நிமிர்ந்தது. பலர் காண நிகழ்ந்த இம்மீட்சி அன்று பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் ஒருவர் அறிந்தது அனைவருக்கும் உரிய கல்வியாக மாறுதற்கு மேலும் ஐந்தாண்டுகள் சென்றன.

அம்மாற்றத்தைச் செய்தவர் ரொபேட் ஸ்மித்-பரி என்னும் பிரித்தானிய அதிகாரி. 1914 இல் விமான விபத்தொன்றிற் கால் முறிந்து, நலமடைந்து மீண்டும் பறக்கச் சென்றவர் அவர். 1916 இல் பிரான்சுப் போர்முனையில் ஒரு படைப்பிரிவிற்குத் தலைமை தாங்கியபோது, தம்மிடம் அனுப்பப்பட்ட இளைஞர் போதிய பயிற்சியின்றி வந்து மாண்டு போவதைக் கண்டு மனம் பொறாது மேலிடத்தாருக்கு முறையிட்டார். முறையிட்டவரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1917 இல் இங்கிலாந்தின் கொஸ்போட் என்னுமிடத்தில் அவர் நிறுவிய பயிற்சிமுறை அவ்வூரின் பெயராலேயே உலகெங்கும் பரவிற்று.

கொஸ்போட் முறையின் உட்கருத்து எளியது. ஆபத்தான நிலைகளை விட்டு மாணவனை விலக்கி வைப்பது பயிற்சியன்று. ஆசிரியர் உடனிருக்க, போதிய உயரத்தில், அந்நிலைகளுக்குள் அவனை வேண்டுமென்றே இட்டுச்சென்று வெளியேறக் கற்பிப்பதே பயிற்சியாகும். இரட்டைச் செலுத்துகோல் கொண்ட அவ்ரோ 504 விமானத்தில் ஆசிரியரும் மாணவனும் சேர்ந்து பறந்தனர். இயந்திர இரைச்சலில் ஆசிரியரின் சொல் மாணவன் செவிக்கு எட்டுமாறு பேசு குழாயொன்று அமைக்கப்பட்டது. சுழல்வீழ்ச்சி, பக்கக் காற்றில் இறங்குதல், இயந்திரம் நின்றுபோதல் ஆகிய யாவும் பாடங்களாயின. தான் செய்த செயலுக்கு விமானம் ஏன் அவ்வாறு நடந்தது என்பதை மாணவன் அறிந்து கொண்டான். அறிந்தபின் அச்சம் தணிந்தது. அதே 1917 இல் பௌதிக அறிஞர் பிரெடெரிக் லிண்டமன் சுழல்வீழ்ச்சியைக் கணித முறையால் ஆராய்ந்ததோடு, தாமே விமானத்தைச் சுழலவிட்டு அதன் இயல்பை அளந்தும் காட்டினார்.

அடுத்த பகைவன் மேகமும் மூடுபனியுமாகும். அடிவானம் மறைந்தபோது சிறந்த விமானிகளும் தம் விமானம் நேராகப் பறக்கின்றதென நம்பியவாறே சரிந்து வீழ்ந்தனர். இதன் காரணம் காதினுள் உள்ள சமநிலை உறுப்பு என்பதை 1926 இல் அமெரிக்காவில் வில்லியம் ஒக்கர் என்னும் படை விமானி தம் உடலிலேயே கண்டறிந்தார். மருத்துவச் சோதனைக்கான சுழல் நாற்காலியிற் கண்களை மூடி அமர்ந்தபோது, நாற்காலி வேகங் குறைந்ததும் தாம் எதிர்ப்புறமாகச் சுழல்வதாக அவருக்குத் தோன்றிற்று. திரும்பும் திசையைக் காட்டும் கருவியொன்றைப் பெட்டியினுள் வைத்து, அதனை மட்டும் பார்த்துக்கொண்டு மீண்டும் அமர்ந்தார். இம்முறை அவர் ஏமாறவில்லை. உடல் சொல்வதை நம்பாது கருவி சொல்வதை நம்பவேண்டும் என்னும் பாடம் அந்நாற்காலியிற் பிறந்தது. 1929 செப்டெம்பர் 24 ஆந் திகதி நியூ யோர்க் அருகே ஜேம்ஸ் டூலிற்றில், திரையால் மூடப்பட்ட இருக்கையிலிருந்து, கருவிகளை மட்டுமே கொண்டு விமானத்தை எழுப்பி, சுற்றிவந்து இறக்கிக் காட்டினார்.

எனினும், இதனைப் பலருக்குக் கற்பிப்பது எவ்வாறு? விடையை அளித்தவர் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வந்த எட்வின் லிங்க். பிங்ஹாம்ரன் நகரில் அவர் தந்தையார் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே லிங்க், 1929 இல், நிலத்தைவிட்டு எழாமல் ஆடியும் சரிந்தும் திரும்பியும் விமானம்போல் நடக்கும் பயிற்சிப்பொறி ஒன்றை அமைத்தார். தொடக்கத்தில் அதனை விரும்பி வாங்கியோர் பொழுதுபோக்குப் பூங்காக்காரரே.

1934 பெப்ரவரியில் நிலைமை மாறிற்று. அமெரிக்க அரசு, தனியார் விமான நிறுவனங்களிடமிருந்த தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியைப் படை விமானிகளிடம் ஒப்படைத்தது. இரவிலும் பனிப்புயலிலும் கருவிகொண்டு பறக்கப் போதிய பயிற்சி பெறாத அவர்களில் 12 பேர் சில மாதங்களுள் மாண்டனர். நாடு அதிர்ந்தது. அவ்வாண்டே படையினர், ஒன்று 3500 டொலர் விலையில், லிங்கின் பொறிகள் ஆறினை வாங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது அத்தகைய பொறிகள் பல்லாயிரம் பயன்பட்டன. இன்று விமான நிறுவனங்களிலுள்ள பெரும் பயிற்சிப்பொறிகளுக்கெல்லாம் மூதாதை அந்தத் துருத்திப் பெட்டியே.

மறுவருடம் வேறொரு பாடம் வந்தது. 1935 ஒக்டோபர் 30 ஆந் திகதி, ஓகையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் நான்கு இயந்திரப் புதிய விமானமொன்று சோதனைப் பறப்பில் எழுந்தவுடன் வீழ்ந்து, அதனைச் செலுத்திய அனுபவம் மிக்க விமானியும், நிறுவனத்தின் சோதனை விமானியும் உயிரிழந்தனர். நிலத்தில் நிற்கும்போது வாற்பகுதி காற்றில் அசையாதிருக்கப் பூட்டும் பூட்டு விடுவிக்கப்படாமையே காரணம். திறமைக் குறைவன்று, மறதி. நினைவை மட்டும் நம்பாது, ஒவ்வொரு கட்டத்திலும் பட்டியலைப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் இதனால் நிலைபெற்றது.

போர் முடிவை நெருங்கியபோது பயணிகள் விமானப் போக்குவரத்து நாடுகளின் எல்லைகளைக் கடந்து விரிந்தது. 1944 டிசெம்பர் 7 ஆந் திகதி சிக்காகோவில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையின் வழியே, 1947 இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் அமைந்தது. 1948 இல் விமானிகளின் அனுமதிப்பத்திரங்களுக்கான பொது விதிகள் ஏற்கப்பட்டன. இலங்கையும் இக்காலத்தேதான் இத்துறையில் அடியெடுத்து வைத்தது. 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது.

அந்நாளிற் பெரும்பாலான நிறுவனங்கள் போரிற் பறந்து திரும்பியவர்களையே பணியில் அமர்த்தின. அவர்கள் ஓய்வு பெறுங் காலம் நெருங்கவே, புதியோரை அடிப்படையிலிருந்து பயிற்றும் பாடசாலைகள் தேவைப்பட்டன. ஜேர்மனியின் லுவ்தான்சா 1956 இல் பிறேமன் நகரிலும், பிரித்தானிய நிறுவனங்கள் 1960 இல் ஹாம்பிள் என்னுமிடத்திலும் அவற்றைத் தொடங்கின. ஒரு நாளேனும் விமானம் ஓட்டியிராத இளைஞர் தேர்வு செய்யப்பட்டு, ஓராண்டுக்கு மேலாகக் கற்று, நேரே பயணிகள் விமானத்தின் துணை விமானியாகும் வழி இவற்றால் ஏற்பட்டது.

அடுத்த பாடம் கையைப் பற்றியதன்று. நாவையும் செவியையும் பற்றியது. 1974 டிசெம்பர் 4 ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக் கொழும்பு நோக்கி வந்த விமானமொன்று மஸ்கெலியாவின் சப்த கன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமானத்திற் பழுதில்லை, கட்டுநாயக்காவிற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கையில், தாம் இருக்குமிடத்தைப் பிழையாகக் கணித்துத் தாழப் பறந்தமையே காரணமென விசாரணை கண்டது. 1977 மார்ச் 27 ஆந் திகதி தெனெரிபே தீவில், மூடுபனியில், இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். மற்ற விமானம் விலகிவிட்டதா எனப் பொறியாளர் எழுப்பிய ஐயம் அன்று புறக்கணிக்கப்பட்டது. 1978 டிசெம்பர் 28 ஆந் திகதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே, சக்கரக் கோளாறொன்றிலேயே தலைமை விமானி கருத்தூன்றி இருக்க, எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்தது. 10 பேர் உயிரிழந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அறிந்திருந்தும், அது தலைமை விமானியின் மனத்திற் பதியுமாறு உறுதியாக எடுத்துரைக்கவில்லை.

1979 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா இப்பொருள்பற்றி ஆய்வரங்கொன்றைக் கூட்டிற்று. மேலோர் பிழை செய்யும்போது இளையோர் அதனை எவ்வாறு எடுத்துரைப்பது, மேலோர் அதனை எவ்வாறு செவிமடுப்பது என்பவை 1981 முதல் விமானிகளின் முறையான பாடமாயின. மூத்தோர்முன் வாய் திறவாமையையே மரியாதையெனக் கொள்ளும் சமுதாயங்களிலிருந்து வரும் மாணவருக்கு இப்பாடம் ஏனையோரினும் கடினமானது, அதனாலேயே இன்றியமையாததுமாகும்.

இவ்வாறு பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவர, முதற் பாடம் மெல்ல மறைந்தது. 1949 இல் அமெரிக்கா, தனியார் விமானிகள் சுழல்வீழ்ச்சியிலிருந்து மீண்டு காட்டவேண்டும் என்னும் விதியை நீக்கிற்று. அதற்கு நியாயமும் இருந்தது: புதிய விமானங்கள் எளிதிற் சுழலவில்லை, பயிற்சியின்போதே விபத்துகள் நேர்ந்தன. பயணிகள் விமானங்களிலோ தாங்குவிசை குறையுமுன்னரே எச்சரிக்கை ஒலிக்கின்றது. செலுத்துகோல் தானே அதிர்கின்றது. எச்சரிக்கை தோன்றியவுடன், இயந்திர விசையைக் கூட்டி, உயரம் இழக்காமல் வெளியேறுவதே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. மூக்கைத் தாழ்த்தி, உயரத்தை விட்டுக்கொடுத்து, சிறகுக்கு மீண்டும் காற்றை அளிக்கவேண்டும் என்பது நூலில் இருந்தது, கையில் இல்லை.

2009 இல் அதன் விலை கேட்கப்பட்டது. பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் பவலோ நகருக்கருகே, இறங்க வந்த விமானமொன்றில் அதிர்வெச்சரிக்கை தோன்றிற்று. தலைமை விமானி செலுத்துகோலைத் தன்பால் இழுத்தார். 50 பேர் மாண்டனர். யூன் 1 ஆந் திகதி, றியோவிலிருந்து பாரிசு சென்ற பிரெஞ்சு விமானமொன்றில் வேகங் காட்டும் குழாய்களைப் பனிக்கட்டி அடைக்கவே, தானியங்கிச் செலுத்தி விலகியது. விமானத்தைக் கையேற்றவர் மூக்கை உயர்த்தினார். எச்சரிக்கை ஒலித்துக் கொண்டிருக்கவே விமானம் சில நிமிடங்களில் அத்திலாந்திக் கடலில் வீழ்ந்து 228 பேர் இறந்தனர். 1912 இல் பார்க் அகப்பட்ட பொறியும் இதுவே. ஸ்மித்-பரி நீக்க முயன்ற இயல்புத் தூண்டலும் இதுவே.

இவற்றின்பின் இரு வகைத் தீர்வுகள் எழுந்தன. அமெரிக்கா 2010 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2013 முதல், துணை விமானியும் பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். ஆயினும் பவலோவில் இறந்த விமானிகள் இருவரும் ஏற்கனவே அவ்வளவிற்கு மேற் பறந்திருந்தனர். ஐரோப்பா, 2019 டிசெம்பர் முதல், நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் தனிப்பாடத்தைக் கட்டாயமாக்கிற்று. அதிற் குறைந்தது மூன்று மணி நேரம் ஆசிரியருடன் உண்மையான விமானத்திற் பறக்கவேண்டும். பயிற்சிப்பொறிகளும் திருத்தப்பட்டன. பொறி தன்னுள் இடப்பட்ட கணக்கையே காட்டவல்லது. முழுமையாகத் தாங்குவிசை இழந்த விமானத்தின் நடத்தை முன்னர் அதனுள் செவ்வையாக இடப்பட்டிருக்கவில்லை. எத்தனை மணி நேரம் என்பதினும், அம்மணி நேரத்தில் எது கற்கப்பட்டது என்பதே பெரிதென்னும் உண்மை மீண்டும் தெளிவாயிற்று.

இன்று இத்தொழிலை நாடும் இளைஞரும் யுவதியரும் கடக்கவேண்டிய படிகள் இவ்வரலாற்றின் அடுக்குகளே. முதலாவது, முதல்தர மருத்துவச் சான்றிதழ். பணம் கட்டுவதற்கு முன்னரே இதனைப் பெறுதல் அறிவுடைமை. அடுத்து வான்நிலை, வழியறிதல், விமானவியல், சட்டம் முதலிய பாடங்களில் எழுத்துத் தேர்வுகள். பின்னர் 18 வயது நிறைந்தோர்க்கு உரிய வணிக விமானி அனுமதிப்பத்திரம். அதற்குச் சர்வதேச விதி 200 மணி நேரம் கேட்கின்றது. அங்கீகாரம் பெற்ற தொடர்ப் பாடநெறியாயின் 150 போதும். அதன்பின் கருவிப் பறப்புத் தகுதி, பல இயந்திரத் தகுதி, இருவர் சேர்ந்து பணியாற்றும் பயிற்சி, இறுதியில் குறித்த விமானவகைக்கான பயிற்சி. தலைமை விமானியாதற்கு வேண்டிய உயர் அனுமதிப்பத்திரத்திற்கு 21 வயதும் 1500 மணி நேரமும் தேவை. 2006 முதல், பெரும்பகுதியைப் பயிற்சிப்பொறியிற் கழித்து, 240 மணி நேரத்தில் துணை விமானியாகும் வேறொரு வழியும் உண்டு.

ஒரே பாடசாலையில் இடைவிடாது கற்கும் முறையும், உழைத்துப் பொருளீட்டிக்கொண்டு பகுதி பகுதியாகக் கற்கும் முறையும் உள்ளன. முன்னது விரைவானது, செலவு மிக்கது. பின்னது நெடியது, தன் கட்டுப்பாட்டில் அமைவது. ஹாம்பிள் காலத்தில் நிறுவனங்கள் தாங்கிய செலவு இன்று பெரும்பாலும் மாணவனின் குடும்பத்தின்மீதே விழுகின்றது. வீடும் காணியும் ஈடுவைத்துக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்தி, பாடசாலை இடையில் மூடப்பட்டதால் கற்கவும் முடியாது பணத்தையும் மீட்க முடியாது நின்றோர் பல நாடுகளில் உளர். கட்டணத்தைக் கட்டங் கட்டமாகச் செலுத்த இடந்தரும் பாடசாலையே பாதுகாப்பானது.

பாடசாலையைத் தேர்வோர் கேட்கும் முதல் வினா, எத்தனை மாதத்தில் முடியும் என்பதாகவே பெரும்பாலும் அமைகின்றது. வரலாறு கேட்கச் சொல்லும் வினாக்கள் வேறு. ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகின்றனரா, நிலைத்திருக்கின்றனரா? விமானங்கள் மாணவர் தொகைக்குப் போதியவையா? ஒரு பறப்பில் தவறியவனுக்கு என்ன செய்யப்படுகின்றது? வீழும் விமானத்தை மீட்கும் பாடம் உண்மையான ஆகாயத்தில், தகுதிபெற்ற ஆசிரியருடன் நடைபெறுகின்றதா? இவற்றிற்குத் தெளிவாக விடை கூறும் பாடசாலை சற்றுத் தூரத்திலிருப்பினும், சில மாதங்கள் கூடினும், அது நட்டமன்று.

இக்கல்வி ஓர் அனுமதிப்பத்திரத்தோடு முடிவதுமன்று. மூத்த தலைமை விமானியும் குறித்த காலந்தோறும் பயிற்சிப்பொறியில் அமர்ந்து, எரியும் இயந்திரத்தையும் வீழும் விமானத்தையும் எதிர்கொண்டு காட்டவேண்டும்; காட்ட இயலாதவர் மறுநாட் பறக்க இயலாது. பயணிகள் அதனை அறியார். தம் ஆசனத்தில் அமர்ந்து யன்னலூடே மேகங்களைப் பார்த்துச் செல்லும் அவர்கள் நம்பியிருப்பது, முன்னே கதவுக்கப்பால் இருப்பவர் என்றோ ஒருநாள் ஆசிரியரின் துணையோடு பலமுறை வீழ்ந்து, பலமுறை மீண்டவர் என்பதையே.